குதிரையின் பின்கால் தவறு என்று யார் சொல்வது?

டேப்லெட்டில் குதிரை வரைந்து முடித்தவர் அதை மற்றவர்களிடம் காட்டும்போது பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்: “எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.” விஷயம் தெரிந்த இன்னொருவர் அந்தக் கோப்பை வாங்கித் திறக்கிறார். படத்துக்கு மேலே வெற்று லேயர் ஒன்றைச் சேர்க்கிறார். தோள் எலும்பு எங்கே தொடங்குகிறது, பின்கால் எங்கே மடிய வேண்டும், வயிற்றுக் கோடு எவ்வளவு மேலேற வேண்டும் என்று அதில் சிவப்பில் வரைந்து திருப்பி அனுப்புகிறார். ஓவியர்கள் இதை ‘ரெட்லைன்’ என்கிறார்கள். சில நிமிட வேலைதான். ஆனால் மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக யோசித்துவரும் கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. இன்னொருவர் செய்ததில் குறை சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? சொல்லாமல் விடுவது எப்போது கருணை, எப்போது கைவிடல்?

சிவப்புக் கோடு அடிக்கடி விழும் இடம் பின்கால். வரைபவர் தன்னையறியாமல் தன் உடலை வைத்துத்தான் குதிரையைப் புரிந்துகொள்கிறார். சிக்கல் அங்கே தொடங்குகிறது. முன்காலின் நடுவே முழங்கால் போலத் தெரிவது, எலும்புக் கணக்கில் நம் மணிக்கட்டு. பின்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டு நம் கணுக்கால். அதன் முனை நம் குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, தோலுக்குள் அடங்கி நிற்கிறது. ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலை ஊன்றித்தான் குதிரை நிற்கிறது. குளம்பு அந்த விரலின் நகம். இவை தெரியாமல் வரைந்தால் பிடரி மயிர் இழை இழையாக ஒளிர்ந்தாலும், கண்ணில் ஈரம் மின்னினாலும், அந்தக் குதிரையால் ஓரடி எடுத்துவைக்க முடியாது.

இதை முழுதாகத் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போனார் என்பதற்கு ஜார்ஜ் ஸ்டப்ஸ் சாட்சி. 1750களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஹார்க்ஸ்டோ கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்கி, ஏறத்தாழ 18 மாதம் இறந்த குதிரைகளைக் கொக்கிகளில் தொங்கவிட்டு, தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகப் பிரித்து வரைந்தார். 1766-ல் அந்தப் படங்கள் ‘குதிரையின் உடற்கூறு’ என்ற நூலாயின. அவர் வரைந்த விசில்ஜாக்கெட் என்ற பந்தயக் குதிரை இன்று லண்டன் நேஷனல் கேலரியில், மரமோ வானமோ எதுவும் இல்லாத வெற்றுப் பின்னணியில், கிட்டத்தட்ட நிஜ அளவில் நிற்கிறது.

மற்றெந்தப் படத்தையும்விடக் குதிரைப் படத்துக்கு இந்தச் சோதனை கடுமையாக இருப்பதன் காரணத்தைச் சீனத்தின் ஹான் ஃபெய் பொ.ஆ.மு. 3-ம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். ச்சி நாட்டு மன்னர் ஓர் ஓவியரிடம், வரைவதற்குக் கடினமானது எது என்று கேட்கிறார். நாயும் குதிரையும் என்கிறார் ஓவியர். எளிதானது எது? பேய் பிசாசுகள். நாயையும் குதிரையையும் மக்கள் காலையும் மாலையும் பார்க்கிறார்கள். ஒப்பிட்டுக் குறை சொல்ல அவர்களால் முடியும். பேயைப் பார்த்தவர் யாருமில்லை, எப்படி வரைந்தாலும் ஒத்துக்கொள்வார்கள். குதிரை வரைபவர், தன்னைச் சரிபார்க்க உலகத்துக்கு ஓர் அளவுகோலைத் தானே கொடுத்துவிட்டுத்தான் வரையத் தொடங்குகிறார். அதில் ஒரு துணிவு இருக்கிறது.

ஒரே அளவுகோல் எல்லோரிடமும் இருந்தால் எல்லோரும் நீதிபதி ஆகிவிட முடியுமா? ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி தன் ‘இயற்கை வரலாறு’ நூலில் கிரேக்க ஓவியர் அப்பெல்லஸைப் பற்றி இரண்டு கதைகள் சொல்கிறார். அப்பெல்லஸ் தன் படங்களைத் தெருவில் போவோர் வருவோர் பார்க்கும்படி வைத்துவிட்டு, பின்னால் மறைந்து நின்று அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்பாராம். ஒருநாள் செருப்புத் தைப்பவர் ஒருவர், செருப்பின் வார் ஒன்று குறைகிறது என்றார். அப்பெல்லஸ் அதைத் திருத்தினார். மறுநாள் அதே மனிதர், தன் சொல் எடுபட்ட தெம்பில், காலையும் குறை சொல்லத் தொடங்கினார். அப்பெல்லஸ் வெளியே வந்து, செருப்புக்கு மேலே போகவேண்டாம் என்று தடுத்துவிட்டார். இந்தக் கதையைப் பலரும் தொழிலாளியை மட்டம் தட்டும் கதையாகச் சொல்கிறார்கள். உண்மையில் அதன் முதல் பாதிதான் மதிப்புமிக்கது. தன் காலத்தின் புகழ்பெற்ற ஓவியர், செருப்பு விஷயத்தில் செருப்புத் தைப்பவரின் சொல்லுக்குப் பணிந்தார், படத்தை மாற்றினார். இரண்டாவது கதையில் குதிரை ஓவியப் போட்டி நடக்கிறது. நடுவர்கள் மற்றவர்களுக்குச் சாதகமாக நடந்துகொள்வார்கள் என்று அஞ்சிய அப்பெல்லஸ், உயிருள்ள குதிரைகளைக் கொண்டுவரச் சொன்னார். அவை மற்றப் படங்களைப் பார்த்துச் சும்மா நின்றன. அப்பெல்லஸின் குதிரையைப் பார்த்ததும் கனைத்தன. அவருக்கு மனிதத் தீர்ப்பின் மீது நம்பிக்கை இல்லை, ஆனால் தீர்ப்பின் மீது நம்பிக்கை இருந்தது. யாருடைய முகதாட்சிணியமும் பாராத ஒரு நடுவர் வேண்டும் என்று ஏங்கினார்.

மனிதர்களிடம் அந்த நடுவர் கிடைக்கவேண்டுமானால் என்ன நிபந்தனைகள் வேண்டும் என்பதை மிக நுட்பமாக யோசித்தவர்கள் பௌத்தர்கள். பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தில் அபய ராஜகுமார சுத்தம் என்று ஓர் உரையாடல் உண்டு. பிறர் மனம் நோகும் சொல்லைத் ததாகதர், அதாவது புத்தர், சொல்வாரா என்று இளவரசர் அபயர் புத்தரிடம் கேட்கிறார். சொல்வார் என்றாலும் சிக்கல், சொல்லமாட்டார் என்றாலும் சிக்கல்; அப்படி வைக்கப்பட்ட கேள்வி அது. இளவரசரின் மடியில் ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். ரத்தம் வந்தாலும் விரல் விட்டு எடுத்துவிடுவேன், குழந்தையின் மேல் எனக்கு இரக்கம் இருக்கிறதே என்கிறார் அபயர். பிறகு புத்தர் தன் வரையறையைச் சொல்கிறார். பொய்யானதைச் சொல்வதில்லை. உண்மையாயினும் பயனற்றதைச் சொல்வதில்லை. உண்மையும் பயனும் உடையதை, அது கேட்பவருக்குக் கசந்தாலும் இனித்தாலும், காலம் அறிந்து சொல்கிறார்.

இதில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று, இனிப்பான உண்மைக்கும் காலம் பார்க்கச் சொல்வது. பாராட்டை எப்போது வேண்டுமானாலும் கொட்டலாம், குறையைத்தான் அளந்து சொல்ல வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் முதல் முயற்சியிலேயே ‘அற்புதம், ஒன்றும் மாற்றவேண்டாம்’ என்று கேட்டுவிட்ட இளம் ஓவியர், அதே பின்காலை அப்படியே நூறு படங்களில் வரைவார். அந்தப் பாராட்டு அவரை அங்கேயே கட்டிப்போட்டுவிடும்.

குதிரையையும் குறை சொல்வதையும் நேரடியாகவே இணைக்கும் இன்னொரு உரையாடல் அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. கேசி என்பவர் குதிரைப் பயிற்சியாளர். குதிரையை எப்படிப் பழக்குகிறீர்கள் என்று புத்தர் கேட்கிறார். சிலவற்றை மென்மையாக, சிலவற்றைக் கடுமையாக, சிலவற்றை இரண்டும் கலந்து என்கிறார் கேசி. எதற்கும் மசியாவிட்டால்? கொன்றுவிடுவேன், என் குருமரபுக்கு இழுக்கு வரக்கூடாது அல்லவா என்கிறார். நீங்கள் மனிதர்களை எப்படிப் பழக்குகிறீர்கள் என்று கேசி திருப்பிக் கேட்க, புத்தரும் அதே வரிசையைச் சொல்கிறார். மசியாதவரை நானும் கொன்றுவிடுகிறேன் என்கிறார். உயிர்க்கொலை உங்களுக்குத் தகாதே என்று கேசி திகைக்கிறார். ஒருவரிடம் இனிப் பேசுவதற்கோ அறிவுறுத்துவதற்கோ ஒன்றுமில்லை என்று ததாகதரும் உடன்துறவிகளும் கருதிவிட்டால், அதுவே இந்த நெறியில் கொலை என்று புத்தர் விளக்குகிறார்.

குறை சொல்வது வன்முறையாகிவிடுமோ என்று நம் காலம் அஞ்சுகிறது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு; கேலியாலும் அலட்சியத்தாலும் வரைவதையே விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேசியிடம் சொன்ன பதில் எதிர்த்திசையில் நிற்கிறது. கடுமையான சொல்லுக்குக்கூட அங்கே பயிற்சியில் இடம் இருக்கிறது. ஒருவரைத் திருத்தத் தகாதவர் என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டுப் பேசாமல் நகர்வதுதான் கொலை. ஆர்வத்தோடு கேட்டவருக்கு ஓர் இதயக் குறியை மட்டும் தட்டிவிட்டுப் போவதில் இந்தக் கைவிடலின் சிறு துளி எப்போதும் இருக்கிறது. இனி இவர் வளரமாட்டார் என்று நினைப்பவருக்குத்தான் வெறும் பாராட்டு எளிதாக வருகிறது.

பௌத்தச் சங்கம் இதை நல்லெண்ணத்தின் பொறுப்பில் விட்டுவிடவில்லை. ஒரு சடங்காகவே ஆக்கியது. அதன் தொடக்கத்தை விநய பிடகத்தின் மகாவக்கம் சொல்கிறது. கோசல நாட்டில் சில துறவிகள் மழைக்கால மூன்று மாதமும் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: யாரும் யாரிடமும் பேசுவதில்லை. மழைக்காலம் முடிந்து, ஒற்றுமையாக இருந்தோம் என்று புத்தரிடம் வந்து சொன்னார்கள். அவர் பாராட்டவில்லை. ஆடுமாடுகளைப் போல வாழ்ந்துவிட்டு நன்றாக வாழ்ந்தோம் என்கிறீர்களே என்று கடிந்தார். பிறகுதான் பவாரணை என்ற முறை வந்தது. மழைக்கால முடிவில் ஒவ்வொரு துறவியும் சபை முன் கைகூப்பி, என்னிடம் நீங்கள் கண்டது, கேட்டது, ஐயுற்றது எதுவாயினும் என்மேல் இரக்கம் கொண்டு சொல்லுங்கள், குறையைக் கண்டால் திருத்திக்கொள்கிறேன் என்று கேட்கவேண்டும். முதலில் கேட்பவர் சபையில் மூத்தவர். இளையவர் முதலில் குனிந்து நிற்கவேண்டியதில்லை. பத்தாண்டுகளாகக் குதிரை வரைபவர் தன் படத்தை நேற்றுத் தொடங்கியவரிடம் காட்டி ‘இதில் என்ன குறை?’ என்று கேட்பதற்குச் சமம் இது. அப்படி ஒரு முறை நடந்தாலே இளையவர்களின் வெட்கம் பாதி குறைந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு விஷயத்தை உறுதியென்று எடுத்துக்கொண்டது: எது உண்மை என்று குறை சொல்பவருக்குத் தெரியும் என்று. குதிரை ஓவியத்தின் வரலாறு அந்த நம்பிக்கையைப் பலமாக அசைத்திருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-ல் எப்சம் குதிரைப் பந்தயத்தை வரைந்தார். படம் லூவரில் இருக்கிறது. குதிரைகள் முன்கால்களை முன்னே நீட்டி, பின்கால்களைப் பின்னே நீட்டி, தரை தொடாமல் பறக்கின்றன. பாய்ச்சலை அப்படித்தான் ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்துவந்தார்கள். 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பண்ணையில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தார். பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புவது உண்மைதான்; ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் ஒன்றுசேர்ந்திருந்தன. கண் பார்த்ததாக நம்பியதைக் கேமரா பொய்யாக்கியது. குதிரை ஓட்டத்தைக் கவனிப்பதற்காகவே தன் வீட்டு நிலத்தில் சிறு தண்டவாளம் போட்டு அதில் உடன் சென்று பார்த்த மெய்ஸோனியே போன்ற ஓவியருக்கு அது பெரிய அடி. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. 1881-ல் பாரிஸில் தன் வீட்டுக்கே மைபிரிட்ஜை அழைத்துக் கலைஞர்கள் முன் அந்தப் படங்களைக் காட்டச் செய்தார். குறை ஏற்பதில் இதைவிடப் பெருந்தன்மையான செயல் ஓவிய உலகில் அரிது.

ஆனால் சிற்பி ரோடன் ஒத்துக்கொள்ளவில்லை. 1911-ல் பால் க்ஸெல் தொகுத்து வெளியிட்ட உரையாடல்களில் அவர் ஜெரிக்கோவின் பக்கம் நின்றார். படத்தைப் பின்னிருந்து முன்னாகப் பார்க்கும் கண், முதலில் பின்கால்கள் உந்துவதையும், பிறகு உடல் நீள்வதையும், பிறகு முன்கால்கள் தரையைத் தேடுவதையும் காண்கிறது. வெவ்வேறு கணங்கள் ஒரே உடலில் சேர்ந்திருக்கின்றன. காலம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால், அதை நிறுத்திக் காட்டும் புகைப்படமே பொய் சொல்கிறது என்பது அவர் வாதம்.

இரண்டு பேரும் சரி என்று சொல்லி நழுவிவிடலாம். அது போதாது. மைபிரிட்ஜின் படம் பதில் சொல்வது, குதிரையின் கால் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு. ஜெரிக்கோவின் படம் பதில் சொல்வது, அதன் வேகம் பார்ப்பவருக்கு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு. எந்தக் கேள்விக்காக வரைந்தார் என்று தெரியாமல் சிவப்புக் கோடு இழுப்பவர், கேட்காத கேள்விக்கு விடை எழுதுகிறார். ஆகவே, குறை சொல்வதற்கு முன் ‘இந்தக் குதிரை என்ன செய்யவேண்டும் என்று நினைத்தீர்கள்?’ என்று கேட்பதுதான் முதல் வேலை.

புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரத்து ஐயனார் கோயில்களில் நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அவற்றின் கால்கள் தூண் போல நேராக இறங்குகின்றன. கணுவும் இல்லை, மடிப்பும் இல்லை. அவற்றைச் செய்யும் வேளார்கள் அந்தக் கால்களை உள்ளே வெற்றிடம் விட்டு, உருளையாக எழுப்பி, மேலே உடலின் எடை தாங்கும்படி செய்கிறார்கள். புரவி எடுப்பின்போது ஊரே சுமந்துபோய்க் கோயிலில் வைக்கும் அந்தக் குதிரையிடம் குதிகாலைத் தேடுவது பொருத்தமில்லை. அதே சமயம், அங்கே குறை சொல்லவே முடியாது என்றும் இல்லை. சூளையில் விரிசல் விட்டதா, முகத்தில் மிடுக்கு இருக்கிறதா, ஊர் நேர்ந்துகொண்டபடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

குறை சொல்பவர் எவ்வளவு பெரியவராயினும் தவறக்கூடும் என்பதற்குத் தாங் காலச் சீனம் சான்று தருகிறது. பேரரசர் ஷ்வான்சொங்கின் அவையில் ஹான் கான் குதிரை வரைந்தார். மற்றோர் அரசவை ஓவியரிடம் கற்றுக்கொள் என்று பேரரசர் சொன்னபோது, அரண்மனை லாயத்துக் குதிரைகளே என் ஆசான்கள் என்று பதில் சொன்னதாக வரலாறு. அவர் வரைந்ததாகக் கருதப்படும் ‘இரவில் ஒளிரும் வெண்புரவி’ நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; கட்டுத்தறியில் திமிறும் அந்தக் குதிரையின் விழி இன்றும் மிரட்டுகிறது. சீனத்தின் தலைசிறந்த கவிஞர்களில் ஒருவரான து ஃபூ, ஹான் கான் சதையைத்தான் வரைகிறார், எலும்பை வரையவில்லை என்று ஒரு கவிதையில் குறை சொன்னார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து ஓவிய வரலாற்றாசிரியர் ஜாங் யென்யுவான், து ஃபூவுக்கு ஓவியம் தெரியாது என்று எழுதினார். அரண்மனைக் குதிரைகள் கொழுத்தே இருந்தன. ஹான் கான் கண்டதை வரைந்தார். மெலிந்த, எலும்பு தெரியும் குதிரையின் மீது கவிஞருக்கு இருந்த விருப்பம், ஓவியரின் பிழையாகச் சொல்லப்பட்டுவிட்டது. இன்றும் பாதிக் கருத்துகள் இந்த வகை. ‘எனக்கு அரேபியக் குதிரைதான் பிடிக்கும்’ என்பதை ‘உங்கள் குதிரையின் கழுத்து தடித்துவிட்டது’ என்று சொல்கிறோம்.

லேயர் என்ற கருவி குறை சொல்லும் அறத்துக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் ஆசிரியர் திருத்தினால் மாணவரின் கோடு அங்கேயே புதைந்துபோகும். திரையில் சிவப்பு லேயரை மறைத்தால் மாணவரின் படம் காயமில்லாமல் அப்படியே இருக்கிறது. இரண்டையும் மாறிமாறிப் பார்த்து, ஏற்பதா மறுப்பதா என்று அவரே முடிவு செய்யலாம். இதற்கு நேரெதிரான கருவியும் உண்டு. படத்தைப் பிசைந்து இழுக்கும் லிக்விஃபை வசதியால், தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் பின்காலைச் சரியான இடத்துக்கு நகர்த்திக் கொடுத்துவிட முடியும். படம் சரியாகிவிடும். ஆனால் வரைந்தவரின் கைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, அது தன் படம்தானா என்ற சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும். கோடு காட்டுவதோடு நிற்பதே மரியாதை.

கேட்பவருக்கும் ஒரு பயிற்சி தேவை. லியொனார்டோ, ஓவியர் தன் படத்தைக் கண்ணாடியில் பார்க்கவேண்டும் என்று குறிப்பெழுதினார். இடவலம் மாறிய படம் வேறொருவர் வரைந்தது போலத் தெரியும், பிழை உடனே கண்ணில் படும். இன்று திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் திரும்பிவிடுகிறது. தன் படத்தைச் சற்று நேரம் அந்நியமாக்கிப் பார்க்கத் தெரிந்தவருக்கு, அந்நியர் சொல்லும் குறை அவ்வளவாகச் சுடுவதில்லை. அங்குத்தர நிகாயத்தில் இன்னோர் இடத்தில் நான்கு வகைக் குதிரைகள் வருகின்றன: தார்க்கோலின் நிழலைக் கண்டே உணர்வது, மயிரில் பட்டதும் உணர்வது, தோலில் பட்டதும், எலும்பைத் தொட்டதும் உணர்வது. அங்கே அது துன்பத்தையும் மரணத்தையும் மனிதர்கள் எப்போது உணர்கிறார்கள் என்பது பற்றியது. ஆனால் அங்கே நான்காவது குதிரையும் நல்ல குதிரைதான் என்பதை இங்கும் நினைவில் வைக்கலாம். எலும்பில் பட்ட பிறகு விழித்துக்கொள்பவரும் கற்றுக்கொண்டவரே.

மிகக் கடினமான இடம் ஒன்று மிச்சமிருக்கிறது. குதிரை வளர்ப்பவர்களில் பலர், இறந்துபோன தங்கள் குதிரையை நினைவுக்காக வரைகிறார்கள். பெரும்பாலும் அதுவே அவர்களுடைய முதல் குதிரைப் படமாகவும் இருக்கும். பின்கால் தவறாகத்தான் இருக்கும். அவர்கள் படத்தைக் காட்டுவது கருத்துக் கேட்டு அல்ல; அந்தக் குதிரை இருந்தது என்று யாரிடமாவது சொல்லவேண்டும், அதற்காக. கேசியிடம் சொன்னதை அங்கே நினைத்துக்கொண்டு, மௌனம் கொலை ஆகிவிடுமே என்று திருத்தப் புறப்படுபவர், அபயரிடம் சொன்னதன் கடைசி நிபந்தனையை, காலம் அறிந்து சொல்வதை, மறந்துவிடுகிறார். அந்த நேரத்துக்குரிய உண்மை அந்தக் குதிரையின் பெயரும் நிறமும் குணமும்தான். அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒருவேளை சில மாதங்கள் கழித்து அவரே வந்து, ‘அதன் கால் இப்படி இருக்காது, எனக்குத் தெரியும், ஆனால் வரைய வரவில்லை, சொல்லித்தருகிறீர்களா?’ என்று கேட்டால், அப்போது புதிய லேயரைத் திறந்து, குதிகால் எலும்பிலிருந்து தொடங்கலாம்.